மழையில் வெட்டிய குளம்: 18,000 ரூபாவை மிச்சம் பிடிக்கப் போய் நான் கற்ற பாடம்

மழைக்காலம் என்றால் எம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கு மந்த காலம். மாவனல்லைப் பக்கத்தில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் எனக்கு அது இன்னும் மந்தம். மழையில் யாரும் வீடு கட்டுவதில்லை. சீமெந்து வாங்க ஆள் வராது. மேசன் பாஸ்மாரும் வேலையின்றி கடை வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். 2024 மே மாத இறுதியில் அப்படியொரு பின்னேரப் பொழுதில்தான் வீட்டின் பின்வளவில் ஒரு மீன் குளம் கட்டும் எண்ணம் எனக்கு வந்தது.

எண்ணம் பிழையானதல்ல. எமது நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் நன்னீர் அலங்கார மீன்களில் கப்பி மீனுக்கு முக்கிய இடமுண்டு. ஏற்றுமதியாளர்கள் எல்லா மீன்களையும் தாமே வளர்ப்பதில்லை. வீட்டு வளவில் தொட்டி கட்டி வளர்ப்பவர்களிடமிருந்தும் வாங்குகின்றார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் வந்து மீன் சேகரித்துச் செல்லும் ஒருவர் எனது கடை வாடிக்கையாளர். "நானா, நீங்க வளர்த்தா நான் எடுக்குறன்" என்று அவர் பல தடவை சொல்லியிருந்தார். கடையில் வேலை குறைவு, சாமான் கையிருப்பில் இருக்கின்றது, பாஸும் சும்மா இருக்கின்றார். இதைவிட நல்ல நேரம் வருமா என்று நினைத்தேன்.

முதல் போட்டவர் எனது ராத்தா. மச்சான் வபாத்தான பிறகு தையல் மெஷினை மிதித்துச் சேர்த்த ஒன்றரை இலட்சம் ரூபாவை அவர் என் கையில் தந்தார். "தம்பி, இந்தக் காசு எப்படி வந்ததுன்னு ஒனக்குத் தெரியும்தானே. வட்டிக்குப் போட மனசில்ல. நீ ஹலாலா ஏதாவது செஞ்சி தா" என்றார். காசு அவருடையது, உழைப்பும் இடமும் என்னுடையது, இலாபத்தில் ஆளுக்குப் பாதி. எமது மார்க்கம் காட்டித் தந்த முழாரபா முறை. வாயால் பேசிக்கொண்டோம். ஒரு துண்டுக் கடதாசியிலும் எழுதவில்லை.

இரண்டு பேர் சொன்ன புத்தி

எங்கள் வீடு சரிவான காணியில் இருக்கின்றது. மேலே மண்திட்டு, நடுவில் வீடு, பின்வளவு தாழ்ந்து போய் எல்லை வேலியில் முடிகின்றது. வேலிக்குக் கீழே ஒரு சிங்களப் பெரியவரின் வீடும் கிணறும். அதற்குக் கீழே வயல்.

பாஸ் இடத்தைப் பார்த்துவிட்டு, "முதலாளி, இந்த மழைக்கு இப்ப கைவைக்க வாணாம். ரெண்டு மாசம் பொறுப்போம்" என்றார். கூலி கூட்டக் கதைக்கிறார் என்று நான் நினைத்தேன். மறுநாள் கீழ்வீட்டுப் பெரியவர் வேலியோரம் வந்து நின்றார். குழி வெட்டுவதற்கு முன்பு மேல்பக்கத்தால் ஒரு கானை வெட்டி, தண்ணீரை ஓரமாக வழித்து விடுமாறு சிங்களத்தில் சொன்னார். அறுபது வருடமாக அந்தச் சரிவில் தண்ணீர் ஓடும் விதத்தைப் பார்த்தவர் அவர். நான் தலையை ஆட்டினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் கானுக்கும் பைப்புக்கும் மெட்டலுக்கும் 18,000 ரூபா முடியும். அதற்கு மீனாவது வாங்கலாம் என்று விட்டுவிட்டேன்.

இருவரில் பாஸ் சொன்னதைக் கேட்காதது பெரிய பிழையல்ல என்று இன்று நினைக்கின்றேன். பெரியவர் சொன்னதைக் கேட்காததுதான் பிழை. ஏனென்று பின்னால் சொல்கின்றேன்.

முதல் நட்டம்

பத்தடி நீளம், எட்டடி அகலம், மூன்றடி ஆழம். இரண்டே நாளில் குழி வெட்டி முடிந்தது. வெட்டிய மண்ணை வேலிப் பக்கமாகக் குவித்து வைத்தோம். மூன்றாம் நாள் இரவு மழை கொட்டியது. சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் குழி நிரம்பி வழிகின்றது. மண்குவியலில் பாதியைக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். செம்மண் முழுவதும் வேலியால் இறங்கி, கீழ்வீட்டுக் கிணற்றைச் சிவப்பாக்கியிருந்தது.

அயல்வீட்டார் விடயத்தில் எமது மார்க்கம் எவ்வளவு கண்டிப்பானது என்பதை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! அன்று அது எனது வேலிக்கு அப்பால் கலங்கிக் கிடந்தது. பெரியவர் வந்து கேட்பதற்கு முன்பு நானே போய்க் கதவைத் தட்டினேன். கிணற்றை இறைத்து, சேற்றை அள்ளி, குளோரின் போட்டு, தண்ணீர் தெளியும் வரை அவர்கள் வீட்டுக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தோம். 12,000 ரூபா முடிந்தது. பெரியவர் ஏசவில்லை. "முதலாளி, இப்போதாவது கானை வெட்டுங்கள்" என்று மட்டும் சொன்னார். அவர் ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அப்போதும் நான் வெட்டவில்லை. மண்குவியலை மட்டும் அப்புறப்படுத்திவிட்டு, வந்த செலவை ஈடுசெய்ய வேலையை இன்னும் அவசரப்படுத்தினேன்.

இரண்டாவது நட்டம்

மழை ஓய்ந்த இடைவெளிகளில் பிளொக் கல் வைத்து, மூன்று அங்குலக் கொங்கிறீற் தரை போட்டு, உள்ளே பூசி முடித்தோம். புதிய சீமெந்துத் தொட்டியில் உடனே மீன் விடக்கூடாது. சீமெந்தின் காரம் தண்ணீரில் இறங்கி மீனைக் கொன்றுவிடும். எனவே தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊற வைத்து, தண்ணீரை மாற்ற வேண்டும். நாமும் அப்படியே செய்தோம். பத்து நாள் கழித்து, அடைமழை பெய்த ஒரு காலையில், மழைத் தண்ணீராலேயே மீண்டும் நிரம்பட்டும் என்று தொட்டியை முழுவதுமாக இறைத்து வெறுமையாக்கினோம்.

அன்று பின்னேரம் தரை நடுவில் ஆமை முதுகு போல் மேலெழும்பி வெடித்திருந்தது. வெடிப்பால் கீழிருந்து தண்ணீர் ஊற்றெடுத்தது.

பலர் கொங்கிறீற் பாரமானது, அசையாது என்று நினைக்கின்றார்கள். கடையில் சீமெந்து விற்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்கைப் பாருங்கள். மூன்று அங்குலக் கொங்கிறீற் தரையின் பாரம் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 180 கிலோ. தரைக்குக் கீழே மண்ணில் ஊறிய தண்ணீர் தரை மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்து நின்றாலே அது ஒரு சதுர மீற்றரை 300 கிலோவுக்கும் அதிகமான விசையோடு மேலே தள்ளும். தொட்டி நிரம்பியிருக்கும் வரை உள்ளே இருக்கும் தண்ணீர் தரையை அழுத்திப் பிடிக்கும். வெறுமையாக்கியதும் கீழே இருப்பது தள்ள, மேலே பிடிக்க எதுவுமில்லை. தரை சும்மா இருக்குமா?

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு சதுர மீற்றரில் விழுந்தால் ஒரு லீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் எனது குளத்தின் மீது நேராக விழுவது 740 லீற்றர் அளவுதான். ஆனால் எங்கள் வீட்டுக் கூரையின் பின்பக்கச் சரிவு மட்டும் 500 சதுர அடி. அதிலிருந்து பின்வளவில் கொட்டுவது 4,600 லீற்றருக்கு மேல். மேல் திட்டிலிருந்து வழிந்து வருவது வேறு. குளத்தைக் கெடுப்பது வானத்திலிருந்து குளத்தில் விழும் மழையல்ல, பக்கத்திலிருந்து வரும் தண்ணீர்தான்.

மௌலவி போட்ட தீர்ப்பு

இப்போது ராத்தாவின் காசில் 118,000 ரூபா வெடித்த தரையாகக் கிடக்கின்றது. முழாரபாவில் நட்டம் வந்தால் அது முதல் போட்டவருக்கு, உழைத்தவருக்கு உழைப்பு நட்டம் என்று எனக்குத் தெரியும். மனதுக்குள் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே எங்கள் பள்ளி மௌலவியிடம் போனேன். மழையால் வந்த நட்டம்தானே என்றேன்.

அவர் முழுக் கதையையும் கேட்டார். பிறகு கேட்டார்: "கானை வெட்டச் சொல்லி ஒங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"எத்தன தடவ?"

"ரெண்டு தடவ."

"அப்ப மழைய சாட்ட வாணாம் ஹாஜியார். மழ அல்லாஹ்ட நாட்டம். கான் வெட்டாதது ஒங்கட கவனக்குறைவு. உழைக்கிறவர்ட கவனக்குறைவால முதல் அழிஞ்சா அதுக்கு அவர்தான் பொறுப்பு. ராத்தாட தலையில அதப் போடேலாது."

எழுதிக்கொண்டீர்களா என்றும் கேட்டார். இல்லை என்றேன். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு ஏவும் அல்பகராவின் 282ஆம் வசனத்தை நினைவூட்டினார். இரத்த உறவுக்குள்தான் எழுத்து அதிகம் தேவை என்றார். குளம் என் காணியில் இருக்கின்றது. நாளை நான் மௌத்தானால் அது யாருடையது என்று என் பிள்ளைகளுக்கும் ராத்தாவுக்கும் இடையில் என்ன பேச்சு வரும் என்பதை அவர் சொல்லித்தான் நான் யோசித்தேன்.

அன்றிரவே ராத்தாவிடம் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் நிறைய நேரம் பேசவில்லை. பிறகு, "நீ வந்து சொன்னதே போதும்" என்றார். போதாது என்று எனக்குத் தெரியும். தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் ஒப்பமிட்டோம். இலாபம் பாதிக்குப் பாதி. கூட்டு முடிவுக்கு வந்தால் தொட்டியின் அன்றைய பெறுமதி ராத்தாவுக்குச் சேரும். திருத்தச் செலவு என்னுடையது.

இரண்டாம் தடவை, அதே மழையில்

பாஸ் இம்முறையும் மழை விடட்டும் என்றார். நான் இம்முறையும் மறுத்தேன். ஆனால் காரணம் வேறு. கோடையில் நிலம் பொய் சொல்லும். எல்லா இடமும் காய்ந்து, எல்லா இடமும் நல்ல இடமாகத் தெரியும். மழையில்தான் தண்ணீர் எங்கே தேங்குகின்றது, எந்த வழியால் ஓடுகின்றது, நிலத்தடி நீர் எவ்வளவு உயரம் ஏறுகின்றது என்பது கண்ணுக்குத் தெரியும். குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் பின்வளவில் நின்றால் எந்தப் பொறியியலாளரும் காட்டாத வரைபடத்தை மழை காட்டித்தரும். ஆகவே மழையில் திட்டமிடலாம், மழையில் வெட்டவும் செய்யலாம். வேலையின் வரிசைதான் மாறக்கூடாது. மழைக்காலத்தில் குளம் கட்ட விரும்பும் சகோதரர்களுக்காக அந்த வரிசையைத் தருகின்றேன்.

முதலில் கான். குளத்துக்கு மேல்பக்கமாகப் பிறை வடிவில் கான் வெட்டி, கூரைத் தண்ணீரையும் திட்டுத் தண்ணீரையும் ஓரமாக வழித்து விட வேண்டும். அது போய் விழும் இடம் பிறருடைய வளவாக இருக்கக்கூடாது. நான் பெரியவரிடம் கேட்டு, அவர் காட்டிய எல்லையோரமாகப் பைப் புதைத்து வயல் வாய்க்காலில் சேர்த்தேன்.

இரண்டாவது சோதனைக் குழி. குளத்தைவிட ஓர் அடி ஆழமாக ஒரு சிறு குழி வெட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் அதில் தண்ணீர் ஊறி நிற்கும் மட்டத்துக்குக் கீழே குளத்தின் தரையை வைக்க வேண்டாம். எனக்கு ஒன்றரை அடியில் தண்ணீர் நின்றது. எனவே பழைய தரையை உடைத்து, குழியைப் பாதி நிரப்பி, ஒன்றரை அடி நிலத்துக்குள்ளும் ஒன்றரை அடி நிலத்துக்கு மேலும் வருமாறு தொட்டியை உயர்த்தினோம். விளிம்பு உயர்ந்ததால் வழிந்து வரும் சேற்றுத் தண்ணீரும் உள்ளே போகாது.

மூன்றாவது தரைக்குக் கீழே மெட்டல். ஆறு அங்குல மெட்டல் பரப்பி, அதற்குள் துளையிட்ட பைப்பை வைத்து, சரிவுப் பக்கமாக வெளியே விட்டோம். கீழே ஊறும் தண்ணீர் தரையைத் தள்ளாமல் பைப்பால் போய்விடும். அதற்குப் பிறகும் பலத்த மழை நாளில் குளத்தை முழுவதுமாக வெறுமையாக்குவதில்லை. தண்ணீர் மாற்றுவதானால் மூன்றிலொரு பங்குதான்.

நான்காவது மண். வெட்டும் மண்ணைக் குழி விளிம்பில் குவிக்க வேண்டாம். ஈர மண் சரிந்து உள்ளே நிற்பவரை மூடிவிடும். சரிவின் கீழ்ப்பக்கமும் குவிக்க வேண்டாம். உரப் பையில் கட்டி, தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

ஐந்தாவது கொங்கிறீற். மழை நீர் கலவையில் சேர்ந்தால் அதன் பலம் குறையும். நான்கு கம்பு நட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, அதன் கீழ் வேலை செய்யுங்கள். போட்ட தரையைப் பொலித்தீனால் மூடுங்கள். இறுகிய பிறகு ஈரக்காற்று கொங்கிறீற்றுக்கு நல்லதே. வெயில் நாளில் போல் வெடிக்காது. தண்ணீர் இறைக்கும் மோட்டரின் வயர் ஈர நிலத்தில் கிடக்க விடாதீர்கள்.

ஆறாவது வழிந்தோடும் பைப். விளிம்புக்கு அரை அடி கீழே வைத்து, வாயில் மெல்லிய வலை கட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு பெருமழையில் ஆறு மாத உழைப்பு குஞ்சு குஞ்சாகக் கானில் போய்விடும்.

மலைப் பாங்கான ஊர்களில் இருப்போருக்கு ஒரு விசேட வார்த்தை. 2016 மே 17 அன்று எமது அயல் பிரதேசமான அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து எத்தனை குடும்பங்களை மூடியது என்பதை நாம் மறக்கவில்லை. திட்டின் அடிவாரத்தை வெட்டிக் குளம் கட்டுவது திட்டின் காலை வெட்டுவதாகும். சந்தேகமுள்ள இடமானால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் விசாரிக்காமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள்.

நுளம்பும் சட்டமும்

தரை வெடித்து வேலை நின்ற இரண்டு கிழமையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். அரைகுறைத் தொட்டியில் தேங்கிய தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் என்மீது வழக்குத் தொடரலாம் என்று எச்சரித்தார். அவர் சொன்னது நியாயமே. 2017இல் மாத்திரம் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். முட்டை நுளம்பாக மாற ஒரு கிழமையளவு போதும். மீன் உள்ள குளம் நுளம்பை வளர்ப்பதில்லை, கப்பி குடம்பியைத் தின்றுவிடும். அரைகுறையாக விட்ட குளம்தான் ஆபத்து. வேலை நிற்கும் நாளெல்லாம் தேங்கும் தண்ணீரை இறைத்துவிடுங்கள்.

சிறு பிள்ளைகள் உள்ள வீடானால் தொட்டியின் மேல் கம்பி வலை அடிக்காமல் தண்ணீர் நிரப்பவே வேண்டாம். மீன்கொத்திக்கும் அதே வலை போதும்.

கணக்கு முடிவு

திருத்த வேலைக்கு மொத்தம் 62,000 ரூபா. அதில் 18,000 ரூபா எப்படியும் செலவழித்திருக்க வேண்டிய கானும் பைப்பும் மெட்டலும். அதை ராத்தாவின் முதலில் எழுதினோம். மீதி 44,000 ரூபாவும் கிணற்றுக்குப் போன 12,000 ரூபாவும் என் பொக்கட்டிலிருந்து. ஆக 18,000 ரூபாவை மிச்சம் பிடிக்கப் போய் 56,000 ரூபாவைத் தண்ணீரில் விட்டேன்.

இந்தத் தொழிலில் கோடி வரும் என்று நான் சொல்லமாட்டேன். வலைக்கூடு வைத்து இனங்களைப் பிரித்து வளர்க்கின்றோம். கலந்துவிட்டால் விலை விழுந்துவிடும். சாப்பாட்டுச் செலவு போக ராத்தாவின் பங்காக மாதம் 3,000 முதல் 4,000 ரூபா வரை கிடைக்கின்றது, அல்ஹம்துலில்லாஹ். போட்ட முதல் திரும்ப மூன்று வருடத்துக்கு மேல் செல்லும். ஆர்வமுள்ளோர் முதலில் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையில் ஆலோசனை பெறுவது நல்லது. வாங்குபவரைப் பேசி முடித்த பிறகே மீனை வாங்குங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொல்லும் நபிமொழியை நாம் எல்லோரும் மேடைகளில் கேட்டிருக்கின்றோம். எனக்கு அது பின்வளவுச் சேற்றில் நின்றுதான் விளங்கியது. இப்போது கடையில் கடன் கொடுக்கும்போதும், புதுச் சாமான் இறக்கும்போதும், பங்காளி சேர்க்கும்போதும் ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்கின்றேன்: மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியால் வெளியே போகும்? அந்த வழியை வெட்டாமல் எந்தக் குழியையும் வெட்டுவதில்லை.

போன கிழமையும் எங்கள் பக்கம் நல்ல மழை. காலத்தால் எழும்பி வேலியோரம் போய் எட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டுக் கிணற்றில் தண்ணீர் தெளிவாக இருந்தது. பெரியவர் வாளியோடு நின்று கையை உயர்த்திக் காட்டினார்.